அல்பேனியாவிலிருந்து ஒரு சாட்சி

வண்ணார்பேட்டையில் பழைய புத்தகமும் பழைய பேப்பரும் வாங்கி விற்கிற கடை வைத்திருந்தேன். "பாய் கடையில இல்லேன்னா அத இன்னும் அச்சடிக்கலைன்னு அர்த்தம்" என்று காலேஜ் பிள்ளைகள் சொல்வார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கட்டுப் பிரிக்கும்போது கண்ணில் பட்டதுதான். அதனால் எனக்கு எந்த விஷயமும் முழுசாகத் தெரியாது. எல்லா விஷயத்திலும் நடுவில் ஒரு பக்கம் தெரியும்.

அப்படித்தான் அல்பேனியாவும் தெரிந்தது. அதைக் கொண்டு வந்தவர் சார்வாள்.

சார்வாள் என்றால் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் பக்கம் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவோம். இவர் ஓய்வு பெற்றவர். சைவப் பிள்ளைமார் வீடு, நெற்றியில் திருநீறு மட்டும் கிடையாது. வாலிப வயதிலேயே சிவப்புக் கட்சியில் சேர்ந்து, அந்தக் கட்சி இரண்டாக உடைந்தபோது சின்னத் துண்டோடு போய், அந்தத் துண்டும் உடைந்தபோது அதிலும் சின்னத் துண்டோடு போனவர். தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து வெயில் காலத்தில் ஒருநாள் சைக்கிள் கேரியரில் ஒரு பேப்பர்க் கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து என் கடை வாசலில் நிறுத்தினார்.

"என்னது சார்வாள்?"

"அல்பேனியா."

"அது என்ன?"

"நாடு வே, நாடு. கிரேக்கத்துக்கு மேல, இத்தாலிக்கு எதுக்க, கடலோரமா. நம்ம ஜில்லா மாதிரி நாலு சேந்தா அந்த நாடு. ரஷ்யா கெட்டுப்போச்சு, சீனா கெட்டுப்போச்சு, கடைசியா இது ஒண்ணுதான் மிச்சம்னு இருந்தோம்."

"இப்போ?"

"இப்போ நான்தான் மிச்சம்."

சிரிக்காமல்தான் சொன்னார். அங்கே ஊர்ச் சதுக்கத்தில் நின்ற தலைவர் சிலையைக் கயிறு கட்டி இழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று அவரே பேப்பரில் படித்திருந்தார். கட்டில் இருந்ததெல்லாம் அந்த நாட்டு சர்க்கார் வெளியிட்ட வண்ணப் பத்திரிகை. வழவழப்பான தாள், பெரிய பெரிய படம், கீழே சின்ன எழுத்தில் இங்கிலீஷ். வருஷக்கணக்காகத் தபாலில் வந்துகொண்டிருந்ததாம்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஆனா வடை மடிக்க மட்டும் போட்டுராதீரும்" என்றார்.

போடவில்லை. மேஜைக்கு அடியில் தனியாக வைத்தேன். மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டுவேன். ஒரு கையில் கடப்பாரையும் மறு கையில் துப்பாக்கியுமாகச் சிரிக்கிற ஆட்களை வரைந்த ஓவியங்கள் நிறைய. அவை எனக்குச் சீக்கிரம் சலித்துவிட்டன. சலிக்காதவை வேறு. மலைச் சரிவு முழுக்க ஜன்னல் ஜன்னலாய் அடுக்கிய ஒரு ஊர். கூரைக்கும் கல்லையே பலகைபோல் அடுக்கி மூடிய வீடுகள். கத்தியால் பூப்பூவாய்க் குடைந்தெடுத்த மரக் கூரைகள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் போடுகிற மாதிரியே வெள்ளைத் தொப்பி போட்ட கிழவர்கள். பாவாடை மாதிரி மடிப்பு வைத்த வெள்ளை உடுப்பில் பழங்கால ஆண்பிள்ளைகள். "ஆம்பளைக்குப் பாவாடையா?" என்று கேட்டதற்கு, "உம்ம கைலி மட்டும் என்னவாம்?" என்று சார்வாள் திருப்பிக் கேட்டார். பத்திரிகையைக் கொடுத்த பிறகும் சாயங்காலம் அவர் கடைக்கு வந்து உட்கார்ந்து அதே படங்களைப் பார்ப்பார். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு வந்து போகிறவர் மாதிரி இருக்கும்.

மரப்பலகையில் எழுதிய சர்ச் படங்களும் உண்டு. மாதாவின் சேலை ஒரு சிவப்பு. சில நூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஓவியர் கலந்த அந்தச் சிவப்பை அவருக்குப் பின்னால் யாராலும் கலக்க முடியவில்லை என்று கீழே போட்டிருந்தது. அதை என் மச்சானிடம் காட்டினேன்.

மச்சான் என் லாத்தா புருஷன். அக்காளைத்தான் நாங்கள் லாத்தா என்போம். ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் எங்கள் ஊர். அங்கே இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்துக் கடைகளுக்கெல்லாம் போர்டு எழுதுவார், சுவர் எழுதுவார், கல்யாண வீட்டு வளைவில் பேர் எழுதுவார். பெயின்ட் வாங்க டவுனுக்கு வந்தால் என் கடையில் ஒரு டீ குடிக்காமல் போகமாட்டார்.

படத்தைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். "இது அச்சுல வந்த சிவப்பு மாப்ள. அசலப் பாக்காம நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். தொழிலில் அவ்வளவு கறார்.

பிறகு அவராகவே புரட்டிக்கொண்டு போய் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். அது ஒரு பள்ளிவாசல். அந்த நாட்டுத் தலைநகரில், சிலை விழுந்த அதே சதுக்கத்தின் ஓரத்தில் இருப்பது. எங்கள் பள்ளிவாசல்களில் உள்பள்ளி என்றும் வெளிப்பள்ளி என்றும் இரண்டு உண்டு. உள்ளே தொழுகிற கூடம், முன்னால் தூண் வைத்த தாழ்வாரம். அந்தப் பள்ளியிலும் அப்படி ஒரு வெளிப்பள்ளி. அதன் சுவர் முழுக்க, பச்சையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக, மரங்கள், அருவிகள், பாலங்கள். பள்ளிவாசலில் எழுத்து பார்த்திருக்கிறோம், பூக்கொடி பார்த்திருக்கிறோம், கட்டம் பார்த்திருக்கிறோம். தண்ணீர் விழுவதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"உயிருள்ளத வரையக் கூடாதுங்கத மீறாமலே ஒரு ஊர வரைஞ்சிட்டான் பாத்தியா" என்றார் மச்சான். டீ ஆறிப்போய்விட்டது.

அந்த வருஷம் நவம்பரில் ஆறு ஊருக்குள் வந்தது.

எங்கள் ஊரில் வெள்ளம் வந்தது என்று சொல்கிற வழக்கம் இல்லை. ஆறு வந்தது என்றுதான் சொல்வோம், விருந்தாள் வந்த மாதிரி. விடியற்காலையில் வந்தது. கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவிடப் பின்பக்கம் போன லாத்தா திரும்பி வரவில்லை. ஆடு நீந்தி வந்து பள்ளிவாசல் மாடிப்படியில் நின்றது. நாங்கள் கரையோரமாகவே தேடிக்கொண்டு, ஆறு கடலில் விழுகிற புன்னைக்காயல் வரைக்கும் போனோம். முள்ளில் சிக்கிய சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் பார்த்தோம். எதுவும் அவளுடையது இல்லை.

இறந்தவர் உடலை மையத்து என்போம். அது கிடைக்கவில்லை என்றால் அதற்கும் மார்க்கத்தில் வழி இருக்கிறது. ஆள் கண் முன்னால் இல்லாமலே, இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகலாம். ஜமாஅத் தலைவர் அதைத்தான் சொன்னார். ஏரலில் கடை வைத்திருந்த பெரிய மனுஷர், எனக்கு மாமா முறை. மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை.

"மையத்து எங்கன இருக்கு? காட்டுங்க, தொழுவோம்" என்றார்.

சாவைச் சொல்கிற மவுத்து என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடம், "அவ இன்னும் வரல" என்பார். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். மையத்து இல்லை, அடக்கம் செய்த கபுர் இல்லை. எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு மையவாடிக்குப் போய் அவரவர் வாப்பா, உம்மா கபுர் முன்னால் நின்று சலாம் சொல்லுவார்கள். மச்சான் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். நானும் அவளுடைய தம்பிதான். எனக்கும் போய் நிற்க இடமில்லை.

நோன்பு வருவதற்கு முன்னால் பள்ளிவாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை மச்சானுக்கு வந்தது. உள்பள்ளி நன்றாக வந்தது. வெளிப்பள்ளியின் தெற்குச் சுவர்தான் மல்லுக்கு நின்றது. ஆறு வந்து நின்ற மட்டம் அந்தச் சுவரில் ஆள் நெஞ்சு உயரத்துக்குப் பழுப்பாய்க் கோடு போட்டிருந்தது. எத்தனை பூச்சு அடித்தாலும் காய்ந்ததும் அந்தக் கோடு மேலே எழும்பி வந்தது. "சுண்ணாம்பக் குடிச்சிட்டு ஏப்பம் விடுது" என்றார் மோதினார். பாங்கு சொல்லுகிற அவருக்கு எதையும் சாப்பாட்டில் வைத்துப் பேசித்தான் பழக்கம்.

மச்சான் ஓலைப் பாயைக் கட்டி அந்தச் சுவரை மறைத்துக்கொண்டு வேலை பார்த்தார். பாயை அவிழ்த்த அன்றைக்கு நான் ஊரில் இருந்தேன்.

சுவரில் எங்கள் ஆறு ஓடியது. வெள்ளத்து ஆறு இல்லை. சித்திரை மாதத்து ஆறு. தண்ணீர் வற்றி, அடியில் மணல் தெரிய, ஒரு ஓரமாய்ப் போகிறது. அந்தப் பழுப்புக் கோட்டைத் தூரத்து மலையின் முதுகாக ஆக்கிவிட்டார். அதனால் அது இனி எவ்வளவு எழும்பி வந்தாலும் மலைதான். அதற்கு முன்னால் வாழைத்தோட்டம், ஏரல் பாலம், கல் படித்துறை. ஆள் இல்லை, ஆடு இல்லை, காக்கை கூட இல்லை.

"ஏ, அது நம்ம ஒத்தப் பனைல்லா!"

"பாலத்துல அந்த ஒடஞ்ச கைப்பிடியக்கூட விடல பாரேன்."

"உடைஞ்சத ஏம்வே எழுதினீரு? சுவத்துலயாவது சரி பண்ணிருக்கக் கூடாதா?"

ஒளு செய்துவிட்டு வருகிறவர்களெல்லாம் கை கால் ஈரத்தோடு அங்கே நின்றார்கள். நான் படித்துறையைப் பார்த்தேன். கீழிருந்து இரண்டாவது படியில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. வாயோரம் நசுங்கின குடம். லாத்தா கல்யாணத்துக்கு எங்கள் உம்மா கொடுத்தது. கொண்டு போன அன்றைக்கே வண்டியிலிருந்து விழுந்து நசுங்கியது. அதையும் ஆறு கொண்டு போய்விட்டது. மச்சானைப் பார்த்தேன். அவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே தலைவர் மாமா வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மோதினாரிடம், "நோன்புக்கு முன்னால இதச் சுண்ணாம்பு அடிச்சு மூடிரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு வேளையும் எல்லோரும் தொழுதுவிட்டுப் போன பிறகு அந்தச் சுவருக்கு எதிரே போய்ப் பைய உட்கார்ந்துகொள்வார். வெள்ளிக்கிழமை மையவாடி வாசலுக்கு அவர் போகவில்லை. எல்லோரும் அங்கே போயிருந்தபோது இவர் இங்கே இருந்தார். அவருக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. அந்த இடத்தைத்தான் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வண்ணார்பேட்டைக்கு முதல் பஸ் பிடித்தேன். மேஜைக்கு அடியிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்தேன். படத்தை மட்டும் காட்டினால் போதாது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று சார்வாள் வீட்டுக்குப் போனேன்.

"பள்ளிவாசல்ல சாட்சி சொல்லணும், வாரீரா?"

"நானா? வே, ஊரெல்லாம் தேடி உமக்கு நான்தானா கெடச்சேன்?"

"அல்பேனியா தெரிஞ்ச ஆளு இந்த ஜில்லாவுல வேற யாரு இருக்கா?"

அந்த ஒரு சொல்லுக்கு அவர் சட்டையை மாட்டிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலத்து அசர் தொழுகை முடிந்து தலைவர் மாமா வெளிப்பள்ளித் தூணில் சாய்ந்திருந்தார். மோதினார் பக்கத்தில் இருந்தார். இன்னும் சிலர். மச்சான் சுவரோரமாய் இருந்தார். சார்வாள் தண்ணீர்த் தொட்டியில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தலைவர் மாமாவுக்கு அவரைத் தெரியும். மாமா பிள்ளைகள் அவரிடம் படித்தவர்கள்.

"வாங்க சார்வாள், வாங்க! கடவுள் இல்லேன்னு சொல்லுதவுக காலக் கழுவிட்டு வாராகளே!"

"காலு இருக்குல்லா அண்ணாச்சி. இருக்கதக் கழுவித்தான ஆகணும்."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. நான் பத்திரிகையை விரித்து மாமா மடியில் வைத்தேன். "மாமா, இதப் பாருங்க. இதுவும் பள்ளிதான். இதுவும் வெளிப்பள்ளிச் சுவருதான். மரம் இருக்கு, பாலம் இருக்கு, அருவி இருக்கு. ரொம்பக் காலமா இருக்கு. மச்சான் ஒண்ணும் இல்லாத பழக்கத்தக் கொண்டு வந்துரல."

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படத்தை அவசரப்படாமல் பார்த்தார். ஒரு விரலால் மரங்களை ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டே போனார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு நிமிர்ந்து சார்வாளைப் பார்த்தார். "அங்கன தொழுக நடக்கா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தேன். சார்வாள் பொய் சொல்ல மாட்டார்.

"படம் எடுத்த காலத்துல நடக்கல. பூட்டி வச்சிருந்தாக. கோவில், சர்ச்சு, பள்ளி, எல்லாத்தையும்."

"யாரு?"

சார்வாள் கழுவின தன் காலைப் பார்த்தார்.

"எங்க ஆளுகதான்" என்றார்.

அவர் கண்ணால் பார்த்திராத நாடு அது. அந்த நாட்டில் யாரோ போட்ட பூட்டுக்கு, ஏரல் பக்கத்தில் ஒரு வெளிப்பள்ளியில் உட்கார்ந்து அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றால் "அந்த சர்க்கார்" என்று சொல்லியிருக்கலாம். எங்களில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

"பூட்டின பள்ளியக் காட்டியா எனக்கு நியாயம் சொல்லுதீங்க?" மாமா குரலில் கோபம் இல்லை, சலிப்புத்தான் இருந்தது.

"இப்போ தொறந்தாச்சு அண்ணாச்சி. சர்க்கார் அனுமதிக்கு நிக்கல. ஜனங்களே கூட்டமாப் போயி உள்ள நொழஞ்சு தொழுதாக. பேப்பர்ல வந்திச்சு."

"அந்த மரத்தயெல்லாம் அழிச்சிட்டாகளோ?"

"அழிக்கல. அதுக்குக் கீழதான் தொழுதாக. இன்னொண்ணும் சொல்லணும். அந்த நாட்டுல நெறயப் பள்ளிய, நெறயச் சர்ச்ச இடிச்சுப் போட்டாக. இத மட்டும் இடிக்கல. பழைய ஓவியம், நாட்டுச் சொத்துன்னு சொல்லி விட்டு வச்சாக."

நாங்கள் பேசியது தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துத் தொடக்கத்தில், டிசம்பர் ஆறாம் தேதி கழிந்த புதிதில். இடிப்பது என்ற சொல்லை அந்த மாதங்களில் எங்கள் வெளிப்பள்ளியில் யாரும் சத்தமாய்ச் சொல்வதில்லை. சார்வாளுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்போ அந்தப் பள்ளிய இந்த மரம்தான் காப்பாத்திச்சுன்னு சொல்லுதீங்க" என்றார் மாமா.

"காப்பாத்தினவன் அல்லாஹ்" என்றார் மோதினார்.

"இல்லேன்னு யாரு சொன்னா? சோத்த ஆக்கினது பொம்பளன்னா, விறகு ஒண்ணும் செய்யலியாவே?" என்று மாமா அவர் பாஷையிலேயே அவரை மடக்கினார். மோதினார் தலையை ஆட்டிக்கொண்டார். நான் மச்சானைப் பார்த்தேன். சுவர் பிழைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

மாமா பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். முட்டி வலிக்காரர், தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். சுவருக்குக் கிட்டே போனார். படத்தை ஒரு தடவை பார்த்தார், சுவரை ஒரு தடவை பார்த்தார். மலை, வாழை, பாலம் என்று அவர் முகம் மெதுவாய் நகர்ந்துகொண்டே போய்ப் படித்துறையில் நின்றது.

"அல்பேனியாக்காரன் ஆள எழுதல" என்றார்.

"நாமளும் எழுதலியே மாமா."

அவர் விரலை நீட்டினார். சுவரைத் தொடவில்லை. குடத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார்.

"இது யாரு?"

என்ன என்று அவர் கேட்கவில்லை. யாரு என்று கேட்டார். சார்வாள் அதை முதலில் கவனிக்கவில்லை, "குடம் அண்ணாச்சி" என்றார். நான், "குடத்தப் போயி யாருன்னு கேக்கீங்களே மாமா" என்றேன். என் சத்தம் எனக்கே பொய்யாய்க் கேட்டது.

"நான் சரியாத்தான் கேட்டேன். எல்லாரும் போன பொறகு இவரு இதப் பாத்துச் சலாம் சொல்லுதாரு. என் காதால கேட்டேன். கபுர்ல நின்னு சொல்லுத சலாம். குடத்துக்கு யாரு சலாம் சொல்லுவா?" மாமா மச்சான் பக்கம் திரும்பினார். "நீரே சொல்லும். யாரு?"

மச்சான் எழுந்திருக்கவில்லை.

"அவதான்" என்றார்.

எங்கோ வாய்க்காலில் துணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாமா பத்திரிகையை மூடி என்னிடம் கொடுத்தார். மச்சானுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார், அந்த முட்டியோடு.

"இங்க பாரும். மரம் இருக்கட்டும். பாலம் இருக்கட்டும். அந்த ஊர்ல இருக்குன்னா இந்த ஊர்லயும் இருக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன். ஆனா நீரு பள்ளிச் சுவத்துல கபுர் கட்டிட்டீரு. இன்னைக்கு நீரு சலாம் சொல்லுதீரு. எனக்கும் சொல்லத் தோணுது, நான் தூக்கி வளத்த புள்ள அவ. நாளைக்கு ஒருத்தன் பூ கொண்டாருவான். பொறகு ஒருத்தி வெளக்குக் கொண்டாருவா. இது தொழுத எடம். இங்கன ஒருத்தன்தான் இருக்கணும்."

மச்சான் நிமிர்ந்து குடத்தைப் பார்த்தார்.

"வேற யாரு சுண்ணாம்பு மட்டையும் இதுல படாது. குடத்த நீரே மூடிரும்" என்றார் மாமா.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள், மச்சானுக்கு ஏதோ உதவி செய்கிற மாதிரி. மோதினார் அந்தப் படியில் ஒரு எருக்கஞ்செடி வைத்துவிடலாம் என்றார். நான் ஒரு துவைக்கிற கல்லாக மாற்றிவிடலாம் என்றேன். சார்வாள் வெளிப்பள்ளிப் படிக்கு இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் சாட்சி சொல்லி முடித்துவிட்டார்.

மச்சான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செடி வச்சா, செடிக்குப் பின்னால இருக்கான்னு எட்டிப் பாப்பேன். கல்லு வச்சா அடியில இருக்கான்னு நெனப்பேன். அது சரிப்படாது."

எழுந்து போய் டப்பாக்களை எடுத்து வந்தார். நீலத்தில் காவியைப் போட்டுக் கலக்கினார். கோடைத் தண்ணீரின் நிறம் இல்லை அது. கலக்கிக்கொண்டே, யாரிடமும் சொல்லாமல் சுவரிடம் சொன்ன மாதிரி, "ஆத்த ஏத்துதேன்" என்றார்.

குடத்தின் மேல் மட்டும் தண்ணீரை எழுதிவிட்டு நிறுத்தலாம் என்று நான் நினைத்தேன். அது முடியாது என்று அவர் கை சொன்னது. ஓர் இடத்தில் தண்ணீர் ஏறினால் எல்லா இடத்திலும் ஏற வேண்டும். சுவரின் கிழக்கு ஓரத்திலிருந்து தொடங்கினார். மணல் திட்டு மூழ்கியது. வாழையின் அடி மூழ்கியது. பாலத்துத் தூண்கள் குட்டையாகின. தன் கையாலேயே, பார்த்துப் பார்த்து எழுதியதையெல்லாம், அதே பொறுமையோடு தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு வந்தார். படித்துறைக்கு வந்தபோது கை வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கீழ்ப்படி போனது. இரண்டாம் படிக்கு வந்தார். குடத்தின் அடி, வயிறு, கழுத்து. கடைசியாக அந்த நசுங்கின வாய் கொஞ்சம் நேரம் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

திரும்பி வந்தபோது ஆறு அந்தச் சுவரில் மேல் படி வரைக்கும் நிறைந்து, ஒன்றும் தெரியாத மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. மச்சான் தூரிகையை எண்ணெயில் அலசி வைத்தார். கையைத் துடைத்தார்.

"மாமா, தொழுதுருவோம்."

"மஃரிபுக்கு இன்னும் நேரம் கெடக்கே" என்றார் மாமா.

"அது இல்ல" என்றார் மச்சான். "அவளுக்கு."

மாமாவுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் ஆனது. விளங்கியதும் அவர் மச்சானின் பெயின்ட் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். மோதினார் ஊருக்குள் சொல்லி அனுப்பினார். லாத்தாவுக்கு ஜனாஸா தொழுகை என்று கேட்டதும், கடையைப் பாதியில் அடைத்துவிட்டு ஓடிவந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் இதற்காகவே மாதக்கணக்கில் காத்திருந்த மாதிரி வந்தார்கள். மஃரிப் தொழுது முடிந்ததும் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. உள்பள்ளி நிறைந்து, வெளிப்பள்ளியிலும் வரிசை நின்றது. இமாம் அவள் பெயரைச் சொன்னார். மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லி நான் அப்போதுதான் கேட்டேன்.

அந்தத் தொழுகையில் குனிவது கிடையாது, நெற்றியைத் தரையில் வைப்பது கிடையாது. நிற்பது மட்டும்தான். மச்சான் எனக்கு அடுத்து நின்றார். அவர் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. சலாம் கொடுத்து முகத்தைத் திருப்பும்போது பார்த்தேன், சார்வாள் வெளிப்பள்ளிப் படிக்குக் கீழே, செருப்புகளுக்கு நடுவில், கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது உட்காரலாம் என்று தெரியாததால் எல்லோரும் கலைகிற வரைக்கும் நின்றார்.

கலைகிறபோது ஒவ்வொருவராக வந்து மச்சான் கையைப் பிடித்தார்கள். அவர் எல்லோரிடமும், "துஆ செய்யுங்க" என்றார். "அவ இன்னும் வரல" என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. தலைவர் மாமா நின்ற களைப்பில் தெற்குச் சுவர்ப் பக்கமாய்ப் போனார். மச்சான் ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாய்ஞ்சிராதீங்க மாமா," என்றார், "ஈரம் காயல."